சஹனில் பிரித்துவைத்த எஞ்சின்

வாப்பா விடுப்பில் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் செய்கிற காரியம் அவரை உட்கார வைப்பதுதான். கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு, முதுகுக்குத் தலையணையும் வைத்துவிடுவார்கள். அதிலிருந்து எழுந்தால் போதும், என்ன வேணும் என்ன வேணும் என்று மூன்று பக்கமிருந்தும் குரல் வரும். தண்ணீர் வேண்டுமென்றாலும் அவராகப் போய் மொண்டுவிடக் கூடாது. சவூதியில் இரண்டு வருஷம் லாரிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்த மனிதர், இங்கே வந்து இரண்டு மாதம் உட்கார்ந்து உட்கார்ந்தே களைத்துப்போவார்.

ஊர் வழக்கம் அப்படி. அதிராம்பட்டினத்தில் எங்கள் ஆட்களிடம் வீடு என்பது பெண்ணுடையது. பெண் பிறந்தால் அவள் பேரில் ஒரு வீடு வேண்டும். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேருவார். பெண்ணைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு வாசலில் நின்று அழுகிற வேலையெல்லாம் எங்களிடம் கிடையாது. அதற்குப் பதிலாக, வருகிற ஆணை ஆயுசுக்கும் விருந்தாளியாக வைத்துக்கொள்வோம். மூன்று பிள்ளை பெற்ற பிறகும் என் வாப்பா எங்கள் வீட்டில் மாப்பிள்ளைதான்.

உம்மாவுக்கு மூத்தவரான பெரியம்மா வீட்டின் மறுபாதியில் இருந்தார். அடுப்படி இரண்டு பாதிக்கும் பொது, அதிகாரம் மட்டும் பெரியம்மாவுக்கு. வாப்பாவோடு அவர் நேராகப் பேசவே மாட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் பேசுவார்: “ஏ புள்ள, உங்க வாப்பாட்ட இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கச் சொல்லு.” வாப்பாவும் பதிலை என்னிடமே சொல்வார். இரண்டு பேருக்கும் காது நன்றாகத்தான் கேட்கும். நடுவில் நான் எதற்கு என்று எனக்கு அப்போதே அலுப்பாக இருக்கும்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது வந்த விடுப்பில்தான் அந்த மோட்டார் சைக்கிள் விவகாரம் நடந்தது. எங்கள் கடைசித் தங்கச்சியை வாப்பா அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தார். அவர் கை நீட்டியதும் அது வீறிட்டு உம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வாப்பா கையை மடக்கிக்கொண்டு, நேராகக் கொல்லைக்குப் போய் வண்டி மேலிருந்த தார்ப்பாயை விலக்கினார். அந்த வீட்டில் அவருக்கே அவருக்கென்று இருந்தது அந்த வண்டி ஒன்றுதான்.

கிக்கரை உதைத்ததும் வண்டி கிளம்பியது. கூடவே அடியிலிருந்து கரகரவென்று வேறொரு சத்தமும் கிளம்பியது. உம்மாவின் தம்பியான என் மாமா அப்போது வழக்கம்போல காலை டீ குடிக்க வந்திருந்தார். அவர் குடியிருப்பது மாமியின் வீட்டில் என்றாலும் டீ மட்டும் பிறந்த வீட்டில்தான் குடிப்பார். அவரும் வாப்பாவும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“என்ன மச்சான், உள்ளுக்குள்ள ஆட்டுக்கல்லு சுத்துற மாதிரி இருக்கு?” என்றார் வாப்பா.

“சும்மா கெடந்து துருப்பிடிக்குமேன்னு அப்பப்ப எடுத்து ஓட்டுனேன்,” என்றார் மாமா.

அப்பப்ப என்றால் இரண்டு வருஷமும் அன்றாடம், பின்னால் மீனுக்கான ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கும் கடைத்தெருவுக்குமாக. ஊருக்கே தெரிந்த சங்கதி அது. வாப்பா ஒரு திருப்புளியின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு கண்ணை மூடினார். டாக்டர் மாதிரி கொஞ்ச நேரம் கேட்டார்.

“பேரிங் போயிடுச்சு. ரெண்டு பக்கமும்.”

எஞ்சினின் தண்டு இரண்டு இரும்பு வளையங்களுக்குள் சுற்றுகிறது, வளையத்துக்குள் கோலி மாதிரி குண்டுகள் இருக்கும், அவை தேய்ந்தால் தண்டு ஆடத் தொடங்கிவிடும் என்று எனக்குச் சொன்னார். மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டுமாம். பட்டுக்கோட்டையில் கொடுத்துச் செய்யலாமே என்றார் மாமா. வாப்பா வண்டியின் சீட்டில் சாய்ந்துகொண்டார். பிறகு, வண்டியைப் பார்த்தபடியே சொன்னார்: “எனக்குத் திரும்பிப் போவப் பிடிக்கல மச்சான். அங்க லாரிக்கு அடியில படுத்தா எந்திரிக்க முடியல. இடுப்பு விட்டுப்போச்சு.”

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“அப்ப இங்கயே ஒரு ஒர்க் ஷாப்பப் போடுங்க. புதுப் புது வண்டியா எறங்குது, தவணையில ஆளாளுக்கு எடுக்குறான். எடுத்த வண்டி ரிப்பேர் ஆவாமயா இருக்கும்? ரோட்டு மேல என் ஐஸ் கெடங்கு சும்மாத்தானே கெடக்கு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “ஆனா ஒன்னு. மொதல்ல இந்த எஞ்சினப் பிரிச்சு மாட்டி ஓட்டிக் காட்டுங்க. ஓடுனா கெடங்குச் சாவி உங்க கையில.”

“பேச்சு மாற மாட்டீங்களே?”

“அல்லா அறிய மாற மாட்டேன்.”

மாமா விளையாட்டாகத்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. வாப்பா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நானோ சட்டமாகவே எடுத்துக்கொண்டேன். வண்டி ஓடினால் வாப்பா போகமாட்டார். அன்றைக்கே வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வாப்பா என்பவர் விமானத் தபால் உறையில் வருகிறவர்தான், ஒருத்தியும் நம்பவில்லை. போங்கடி, வண்டிச் சத்தம் கேட்கும்போது தெரியும் என்றேன்.

ஒரு சிக்கல் இருந்தது. சவூதியில் வாப்பா இருந்த பட்டறையில் ஒருவர் கழற்றுவார், ஒருவர் கழுவுவார், ஒருவர் மாட்டுவார். வாப்பா கழற்றுகிறவர். “கழட்டுறதுல என்னை அடிச்சுக்க ஆளில்ல,” என்று உம்மாவிடம் சொன்னார். “முழு எஞ்சினா மாட்டித்தான் வருஷக்கணக்கா ஆவுது.” உம்மா பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். “அப்ப கழட்டும்போதே பாத்துக் கழட்டுங்க,” என்றார்.

பார்த்துத்தான் கழற்றினார். கொல்லையில் மாமரத்தடியில் சாக்கை விரித்து, பழைய கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய வரிசையிலேயே வைத்தார். எதில் வைத்தார் என்பதுதான் விஷயம். கிணற்றடியில் கவிழ்த்திருந்த சஹன்களில் வைத்தார். சஹன் என்றால் விருந்தில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. இது மேல் பக்கத்து சஹன், இது கிளட்ச் சஹன், இது கியர் சஹன் என்று அவருக்கு ஒரு கணக்கு. போல்ட்டுகளைக் கடிகார முள் சுற்றுகிற மாதிரி விளிம்பைச் சுற்றி அடுக்கினார். ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு நீளமாம். இடம் மாறினால் எஞ்சினின் வெளிக்கூடான கேஸ் விரிசல் விட்டுவிடுமாம்.

பெரியம்மாவுக்குத் தாங்கவில்லை. மாப்பிள்ளை முழங்கை வரை கிரீஸோடு கொல்லையில் குந்தியிருப்பது ஒன்று, சோறு வைக்கிற சஹனில் இரும்பு இன்னொன்று. “யா அல்லா! ஏ புள்ள, உங்க வாப்பாட்டச் சொல்லு, பக்கத்து வீட்டு மாடியிலேருந்து எல்லாரும் பாக்குறாங்கன்னு.” வாப்பா தலை நிமிராமல் சொன்னார்: “பாக்கட்டும், வண்டி ரிப்பேருக்கு வந்தா இங்கயே கொண்டாந்து விடட்டும்னு சொல்லும்மா.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாப்பா அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை.

புது பேரிங் தஞ்சாவூரில் ஒரு கடையில்தான் கிடைத்தது. அதற்காக ஒருநாள் பஸ் ஏறிப் போனவர், மத்தியானம் சாப்பிடாமல் திரும்பிவந்து அப்படியே படுத்துத் தூங்கிவிட்டார். அவர் தூங்குவதைப் பார்த்தாலே நமக்கும் அசதியாக இருக்கும். செத்த கட்டை மாதிரி, ஒரு கையை நெற்றியில் போட்டுக்கொண்டு தூங்குவார்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அந்த வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் முத்துப்பேட்டையிலிருந்து ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. வாப்பாவின் தூரத்து உறவு. சவூதியிலிருந்து வந்தவரைப் பார்த்துவிட்டு, அப்படியே தங்கள் பையனுக்கு ஒரு விசா சொல்லிவிட்டுப் போகலாம் என்று குடும்பத்தோடு கிளம்பி வந்துவிட்டார்கள். அவ்வளவு பேரையும் சும்மா அனுப்ப முடியுமா? பெரியம்மா நெய்ச்சோறு ஏற்றினார், கறி ஏற்றினார், தாளிச்சா ஏற்றினார். சஹன் தேடினார்.

அவர் செய்ததைத் தப்பென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. விருந்தாளிக்குச் சஹன் இல்லை என்று எங்கள் ஊரில் எந்தப் பெண் சொல்வாள்? எல்லா சஹன்களையும் ஒரே பிளாஸ்டிக் பக்கெட்டில் கவிழ்த்தார். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தார். நான் கொல்லைக்கு ஓடிவந்தபோது பக்கெட்டில் போல்ட்டும் வாஷரும் பல்சக்கரமும் ஒன்றாகக் கிடந்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போச்சு, வாப்பா போகப்போகிறார் என்று நினைத்தேன்.

வாப்பா தொப்பியோடு வந்து நின்றார். சாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பக்கெட்டைக் காட்டினேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து பெரியம்மா சொன்னார்: “ஏ புள்ள, உங்க வாப்பாட்டச் சொல்லு. ஒரு சாமானும் தொலையல. எல்லாம் பக்கெட்டுல பத்திரமா இருக்கு.”

வாப்பா கத்துவார் என்று பயந்தேன். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். “ரொம்ப சந்தோஷம்னு சொல்லும்மா,” என்றார். உள்ளே போய், அன்று காலைவரை கிளட்ச் தகடுகள் இருந்த சஹனைச் சுற்றி விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். வந்தவர்களில் பெரியவர் முதல் கவளத்தை முகர்ந்துவிட்டு, “உங்க வீட்ல மண்ணெண்ணெய் அடுப்பா?” என்று மரியாதையாகக் கேட்டார். வாப்பா ஆமாம் என்றார். பையனின் விசாவுக்கும் ஆமாம், பார்க்கிறேன் என்றார். எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லி வேனை வழியனுப்பிவிட்டு, துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்தார்.

“விட்டுடலாம் போல இருக்கு,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அங்கே நான்தான் இருந்தேன்.

உம்மா அடுப்படியிலிருந்து வந்தார். பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கெட்டைத் தூக்கிச் சாக்கில் கொட்டினார். எதிரே உட்கார்ந்துகொண்டார்.

“சொல்லுங்க. எது எங்கேருந்து வந்துச்சு?”

“தெரியல.”

“தெரிஞ்சதச் சொல்லுங்க. தெரியாதத அப்புறம் பாத்துக்குவோம்.”

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் மாமரத்தடியிலேயே கிடந்தார்கள். ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து, ஒவ்வொரு ஓட்டையாக விட்டுப் பார்ப்பார்கள். இது நீளம் என்பார் உம்மா. இல்லை, சரிதான் என்பார் வாப்பா. முறுக்கிப் பார்த்தால் நீளமாகத்தான் இருக்கும். சண்டை மாதிரி இருக்கும், ஆனால் குரல் உயராது. உம்மா சிரிக்கிற சத்தம்கூட ஒருமுறை கேட்டது. பெரியம்மா கதவுக்குப் பின்னால் நின்று, சேலையெல்லாம் எண்ணெய் என்று என்னிடம் முறையிட்டுப் பார்த்தார். எனக்கோ அவர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்கள் என்று ஆத்திரம். டிக்கெட் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. சீக்கிரம் மாட்டித் தொலைக்கக் கூடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பேரிங் ஏற்றிய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை அடித்து ஏற்றக் கூடாதாம். கேஸைச் சுட வைத்தால் அது கொஞ்சம் விரியும், பேரிங்கைக் குளிர வைத்தால் கொஞ்சம் சுருங்கும், அந்த நேரம் பார்த்து உள்ளே போட்டுவிட வேண்டும். பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரிட்ஜின் ஐஸ் அறைக்குள், பெரியம்மாவின் கறிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கேஸைச் சுட வைக்க என்ன செய்வது என்று வாப்பா முழித்தார். சவூதியில் அதற்கென்று மின்சார அடுப்பு உண்டாம். உம்மா விறகடுப்பில் ரொட்டிக்கல்லைப் போட்டார். அதன்மேல் கேஸைப் படுக்கவைத்து, பெரிய சட்டியால் மூடினார். அவ்வப்போது சட்டியைத் தூக்கி, விரலை நனைத்து ஒரு சொட்டு தெளிப்பார். சொட்டு துள்ளி ஓடியதும், “இப்பப் போடுங்க,” என்றார்.

உம்மா துணியைச் சுற்றிக் கேஸைப் பிடித்துக்கொள்ள, வாப்பா பிஸ்மி சொல்லி பேரிங்கை வைத்தார். கைவிட்டதும் டொக்கென்று தானாகவே இறங்கி உட்கார்ந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். வாப்பா உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இருப்பது இரண்டு பேருக்கும் மறந்துபோனது போலிருந்தது, நான்தான் கனைத்தேன்.

எஞ்சினைப் பூட்டி வண்டியில் ஏற்ற மாமா வந்தார். வாப்பா உதைத்தார். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தார். புகை வந்தது. மாமா வாயைத் திறக்கப் போனார், வாப்பா கையைக் காட்டினார். அடுத்த உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. கரகரப்பே இல்லை. பாலில் முக்கி எடுத்த மாதிரி ஒரே சீரான சத்தம். நான் குதித்தேன், கத்தினேன், தங்கச்சியைக் கிள்ளினேன். பெரியம்மாவே கதவை விட்டு வெளியே வந்து, “மாஷா அல்லா,” என்றார், என்னிடம் அல்லாமல் நேராக வண்டியிடம். மாமா பேச்சு மாறவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து வாப்பாவின் கையில் வைத்தார். வாப்பா அதைக் கைலிமேல் கட்டியிருந்த பச்சை பெல்ட்டின் பைக்குள் போட்டுப் பட்டனை மாட்டினார்.

உம்மா மட்டும் அடுப்படிக்குள் போய்விட்டார். டீ போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். ரொம்ப நேரமாகியும் டீ வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் வாப்பா என்னை டேங்க்மேல் உட்காரவைத்து ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். அறுவடை முடிந்த வயல்களைக் கல் நட்டு மனையாக விற்றுக்கொண்டிருந்தார்கள். அறுத்த நெல்லின் தாள் இன்னும் காலில் குத்தியது. அதில் ஒரு மனையை எனக்கென்று முந்தின விடுப்பிலேயே வாங்கிப்போட்டிருந்தாராம். வாப்பா வரப்பு மேலேயே ஒரு சுற்று நடந்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மெதுவாக. பிறகு என் பக்கத்தில் வந்து குந்தினார்.

“வாசல் எந்தப் பக்கம் வேணும்மா?”

இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் யோசித்துச் சொன்னேன். ரோட்டைப் பார்த்து வாசல். மாடி கட்டாயம் வேண்டும். வழவழவென்று மொசைக் தரை. கூடத்தில் ஊஞ்சல். ஒவ்வொன்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்றார். “தங்கச்சிங்களுக்கும் இதே மாதிரியே பக்கத்துல பக்கத்துல,” என்றேன் தாராளமாக. “நடுவுல கதவு வச்சுட்டாப் போதும்.”

“வேற?”

“வேற ஒன்னும் வேணாம் வாப்பா.”

அவர் தாளில் ஒன்றைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு, அந்த வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பசித்தது, போகலாம் என்றேன். நான் கேட்டதெல்லாம் பிற்பாடு வந்தது. நான் இதை எழுதுவதே அந்த மாடியில் உட்கார்ந்துதான். ஊஞ்சலில் வாப்பா ஆடி நான் பார்த்த நாட்கள் ரொம்பக் குறைவு.

அடுத்த நாள் காலையில் மாமா டீ குடிக்க வந்தார். வாப்பா பெல்ட்டைத் திறந்து சாவியை எடுத்து, டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“கெடங்க வேற யாருக்காச்சும் விடுங்க மச்சான்.”

“ஏன்? எஞ்சின்தான் நல்லா ஓடுதே?”

“ஓடுது.” வாப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மூணு பொண்ணு மச்சான்.”

மாமா டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் கூடத்து மூலையில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வண்டி ஓடினால் போகமாட்டேன் என்பதுதானே பேச்சு? வண்டி ஓடியதே! இதில் நாங்கள் எங்கே வந்தோம்? பாப்பாவுக்கு இன்னும் பேச்சே வரவில்லை. நடுத் தங்கச்சி நான் சொல்லாமல் வாயைத் திறக்கமாட்டாள். நானும் எதுவும் சொல்லவில்லை. மூன்று பேரில் ஒருத்தியும் அவரைப் போகச் சொல்லவில்லையே, பிறகு ஏன் எங்கள் பேரைச் சொல்லிவிட்டுப் போகிறார் என்று பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.